நாற்பத்திரண்டு வாசற்படிகள்

தெருவில் எல்லோரும் அவளை டைல்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வருடமாகக் குளியலறை, சமையலறை, மொட்டைமாடி என்று ஊரார் வீட்டுத் தரைக்கெல்லாம் டைல்ஸ் பதித்தவள். அவள் போட்ட தரையில் தண்ணீர் தேங்கியது என்று இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் கடைசிச் சொட்டு வரைக்கும் தானாக வடிகாலைத் தேடி ஓட வேண்டும். அந்தச் சரிவுக்கு அவர்கள் தொழிலில் வாட்டம் என்று பேர். அப்பேர்ப்பட்டவளின் சொந்த வீட்டுக்குள்தான் இரண்டு வருடம் தொடர்ந்து முழங்கால் உயரத்துக்கு வெள்ளம் வந்து, நாலைந்து நாள் நகராமல் நின்றது.

"ஊருக்கெல்லாம் தண்ணி வடிய வைக்கிறே. நம்ம வீட்டுல மட்டும் மீன் வளக்கலாம் போலருக்கு" என்றான் அவள் கணவன். டவுன் பஸ் ஓட்டுகிறவன். எதையும் கிண்டலாகச் சொல்லித்தான் பழக்கம். கட்டில் மேல் மேஜையைப் போட்டு, மேஜை மேல் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டு, அவற்றின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் கழித்து, பள்ளிக்கூட ஹாலில் நகராட்சி ஒரு கூட்டம் போட்டது. பொறியாளர் ஒரு பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். தெருவின் ரோட்டை இரண்டடி உயர்த்தப் போகிறார்கள் என்றும், இனிமேல் ரோட்டில் தண்ணீர் நிற்காது என்றும் விளக்கினார். பின்வரிசையில் இருந்து டைல்ஸ் அக்கா எழுந்தாள்.

"ரோட்டுல நிக்காது, சரி சார். அப்புறம் எங்க போய் நிக்கும்?"

ஹாலில் ஒரு சிரிப்பு ஓடியது. பொறியாளர் பதில் தேடுவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "ரோடு ரெண்டடி ஏறுச்சுன்னா எங்க வாசப்படி ரெண்டடி இறங்கின மாதிரிதான். ரோட்டுல போற தண்ணி நேரா எங்க சமையக்கட்டுக்கு வரும்."

"நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லலம்மா" என்றார் பொறியாளர். முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமைசாலி. "ஆனா எங்கிட்ட இருக்கறது இந்த வரைபடம் ஒண்ணுதான். வேற வழி இருக்குன்னு தோணுச்சுன்னா அளவெடுத்து எழுதிக் கொண்டாங்க. இருபது நாள் தரேன். வெறும் வாய் வார்த்தையை நான் மேல எடுத்துட்டுப் போக முடியாது."

அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தன் வேலைப் பையில் இருந்து மட்டம் பார்க்கிற டியூபை எடுத்துக்கொண்டு இறங்கினாள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற நீளமான டியூப் அது. அதில் தண்ணீரை நிரப்பிவிட்டால், ஒரு முனை தெருக்கோடியிலும் மறுமுனை பத்து வீடு தள்ளியும் இருந்தாலும், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். பள்ளிக்கூட வாசல் கல்லை ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசற்படியும் அதைவிட எவ்வளவு கீழே, சுவரில் வெள்ளக் கறை எந்த உயரத்தில் என்று அளக்க ஆரம்பித்தாள். கணக்கெழுதக் கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர். போன வருடம்தான் ஓய்வு பெற்றவர். பழைய பழக்கத்தில் நோட்டில் சிவப்பு மையில் மார்ஜின் போட்டுக்கொண்டே வந்தார்.

முதல் நாலு வீட்டில் வேடிக்கை பார்த்தார்கள். ஐந்தாவது வீட்டில் டியூபின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வந்தது. பத்தாவது வீட்டுக்குப் போவதற்குள் பாதித் தெரு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் புதுசாக வெள்ளையடித்துக் கறையை மறைத்திருந்தார்கள்; வீட்டுக்கார அம்மா பீரோவை நகர்த்தி, அதன் பின்னால் இருந்த பழைய கறையைக் காட்டினாள். இன்னொரு வீட்டில் பெரியவர் ஒருவர், தண்ணீர் தன் நெஞ்சு வரைக்கும் வந்ததாகச் சத்தியம் செய்தார். கறை தொடையளவில் இருந்தது.

"அப்ப நீங்க உக்காந்திருந்தீங்களா ஐயா?" என்று டீச்சர் கேட்க, பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்து, "ஆமாம்மா, நாற்காலிலதான்" என்றார். அன்று முழுக்கத் தெரு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

நாற்பத்திரண்டு வாசற்படிகளையும் அளந்து முடிக்க மூன்று ஞாயிறு ஆனது. படிகள் மேலும் கீழுமாக இருந்தன. ஆனால் வெள்ளக் கறை மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மட்டம். அரை விரல்கூட முன்பின் இல்லை. தெரு முழுக்க ஒரே தொட்டியாக நிரம்பியிருக்கிறது என்பது அதிலேயே தெரிந்தது. கடைசியாகத் தெருவுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு சுவரில் இருந்த கறையை அளந்து டீச்சர் நோட்டில் எழுதினார். எழுதிய எண்ணை ஒருதரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னொரு தடவை அளந்துடலாமா?"

அளந்தார்கள். மாறவில்லை. தெருப்பக்கத்துக் கறையைவிட மைதானத்துப் பக்கத்துக் கறை ஒன்றரை அடி கீழே இருந்தது. இரண்டு கறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில். அந்தச் சுவர்தான் வெள்ளத்தை அணை மாதிரி தெருவுக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

டைல்ஸ் அக்கா சுவரில் கையை வைத்தபடி நின்றாள். அது அவள் தம்பியின் வெல்டிங் பட்டறைச் சுவர். முன்பு அந்த இடத்தில் தெருவையும் மைதானத்தையும் இணைக்கிற ஒரு சந்து இருந்தது. யாரும் நடக்காமல் குப்பை மேடாகக் கிடந்ததால், ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி அதை அடைத்துப் பட்டறையை நீட்டிக்கொண்டான். நகராட்சியிடம் அவன் கேட்கவும் இல்லை. நகராட்சி அவனைக் கேட்கவும் இல்லை. குப்பை ஒழிந்ததே என்று தெருவுக்கும் சந்தோஷம்தான். பொறியாளரின் வரைபடத்தில் அந்தச் சந்து இன்னும் திறந்தே இருந்தது. அந்தச் சுவருக்குக் கல் வைத்துக் கட்டியது வேறு யாருமில்லை, அவளேதான். தம்பிக்காக இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு பொட்டு ஓட்டை விடாமல் பூசிக் கொடுத்தவள்.

டீச்சர் பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். "இந்த ஒரு அளவை எழுதலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்லை. நீ என்ன சொல்றியோ, அப்படியே செய்வோம்."

நாற்பத்திரண்டு வீட்டிலும் ஏறி இறங்கி, அவரவர் வீட்டுக் கறையை வெட்கப்படாமல் காட்டச் சொன்னவள் அவள்தான்.

"எழுதுங்க டீச்சர்" என்றாள். "பெரிசாவே எழுதுங்க."

தம்பியிடம் சொன்னபோது அவன் கையில் இருந்த இரும்புக் குழாயைத் தரையில் போட்டான்.

"ஏன்க்கா, உன் கையால கட்டினதை நீயே இடிக்கச் சொல்றியா? சந்து இடம் ஆறடி போச்சுன்னா என் மிஷினை நான் எங்க வைப்பேன்? உன் தலைமேலயா?"

"முன்பக்கம் தள்ளி வை. தரையை நான் உசத்திப் போட்டுத் தரேன்."

"ரெண்டு வருஷமா மேட்டுப் பக்கம் கட்டடம் கட்டித் தண்ணியை இங்க தள்ளறவனையெல்லாம் விட்டுட்டு, கூடப் பொறந்தவன்தான் உனக்குக் கிடைச்சானா?"

"டியூபுக்குக் கூடப் பொறந்தவன், பக்கத்து வீட்டுக்காரன்லாம் தெரியாதுடா."

அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். நாலு நாள் பேச்சில்லை. அவள் வாசலைத் தாண்டிப் போகும்போது வேண்டுமென்றே வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் அன்றைக்கு மட்டும் கிண்டல் செய்யவில்லை. "நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு. மச்சானை நான் பாத்துக்கறேன்" என்றான். ஆனால் அவன் போய்ப் பேசிய அழகில், தம்பி அவனுடனும் பேச்சை நிறுத்திவிட்டான்.

இருபதாம் நாள் ஹால் நிரம்பி வழிந்தது. டீச்சர் பெரிய தாளில் தெருவை வரைந்து, நாற்பத்திரண்டு படிகளையும் எண்களோடு குறித்திருந்தார். டைல்ஸ் அக்கா எழுந்து நின்றாள். ரோட்டை உயர்த்த வேண்டாம். கொஞ்சம் வெட்டிச் சந்துப் பக்கமாக வாட்டம் கொடுத்தால் போதும். சந்தின் அடைப்பைத் திறந்து மைதானத்தை இரண்டடி பள்ளமாக்கினால் வெள்ளம் அங்கே போய்த் தங்கி மெதுவாக மைதானத்துக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய்க்கு வடியும் என்று, எந்த வீட்டுக்காரருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள்.

"மைதானத்தைப் பள்ளமாக்கினா பிள்ளைங்க எங்க விளையாடும்?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

"அதே பள்ளத்துலதான் சார். நாலு பக்கமும் படி வெச்சுடலாம். வெயில் காலத்துல உக்காந்து பந்தாட்டம் பாக்கலாம். மழை பெஞ்சா அந்த நாலு நாள் ஆட்டம் இல்லை, அவ்வளவுதான். போன வருஷம் வெள்ள முகாம் போட்டு ஒரு மாசம் ஸ்கூலே இல்லையே."

தலைமையாசிரியர் தலையாட்டினார். பொறியாளர் தன் வரைபடத்தையும் தெருவின் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எங்க படத்துல இந்தச் சந்து திறந்துதானே இருக்கு? எப்ப அடைபட்டுச்சு?"

டைல்ஸ் அக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஆறு வருஷம் ஆச்சு சார். சுவரைக் கட்டினது நான்தான். தெருவுல தண்ணி நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். அன்னைக்கு எனக்குத் தெரியலை, இன்னைக்குத் தெரியுது. அதான் சொல்றேன்."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று அவள் காத்திருந்தாள். கடைசி வரிசையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. தம்பி எழுந்து நின்றான். அவன் வந்திருந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"கட்டினது அக்கா. கட்டச் சொன்னது நான்" என்றான், யாரையும் பார்க்காமல். "நானே இடிச்சுடறேன். சந்து வாய்ல குப்பை அடைக்காம இருக்க ஒரு கிரில் வேணும். அதையும் நானே பண்ணித் தரேன். கீல் வெச்சு, தூக்கிக் குப்பை எடுக்கற மாதிரி."

முதலில் கைதட்டியது நாற்காலிப் பெரியவர். பிறகு ஹால் முழுக்கத் தட்டியது. டைல்ஸ் அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தம்பி பார்த்துவிடப் போகிறானே என்று தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பொறியாளர் அடுத்த வாரம் மட்டம் பார்க்கிற மூன்று கால் கருவியோடு வந்து எட்டு வீட்டைச் சரிபார்த்தார். ஏழு வீட்டில் அளவு அப்படியே பொருந்தியது. எட்டாவதில் ஓரங்குலம் இடித்தது. "இங்க நீங்க தப்பு விட்டிருக்கீங்க" என்றார். அவள் கருவியின் கால்களைக் குனிந்து பார்த்தாள். "சார், ஒரு கால் மண்ணுல புதைஞ்சிருக்கு." நிமிர்த்தி வைத்து மறுபடி பார்த்தார்கள். அவள் அளவே சரி. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

வரைபடம் புதிதாகத் தயாரானபோது, அதன் கீழ் மூலையில் 'அளந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பொறியாளர் அதைக் காட்டிப் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அன்று அலுவலகம் மூடுகிற நேரத்துக்குள் அந்தச் சின்னக் கட்டத்தைச் சுற்றி நாற்பத்திரண்டு கையெழுத்து விழுந்திருந்தது. கட்டத்துக்கு வெளியே வழிந்ததையும் சேர்த்தே பொறியாளர் முத்திரை குத்தினார்.

வேலை நாலு மாதம் நடந்தது. ரோடு போட்டவர்கள் ஒரு இடத்தில் வாட்டத்தைக் கோட்டை விட்டார்கள். அவள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி, அது போகாமல் முழித்துக்கொண்டு நிற்பதைக் காட்டிய பிறகு, அந்தத் துண்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி போட்டார்கள். பட்டறைத் தரையை அவள் சொன்னபடியே உயர்த்திக் கொடுத்தாள். அக்காவும் தம்பியும் பழையபடி சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு ராசியாகிவிட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. எல்லோரும் பழக்கத்தில் சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, குடையோடு வாசலில் வந்து நின்றார்கள். கணுக்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு, சந்துக்குள் திரும்பி, கிரிலைத் தாண்டி மைதானத்துக்குள் விழுந்தது. தம்பி தொப்பலாக நனைந்தபடி கிரிலைத் தூக்கித் தூக்கி இலை தழைகளை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். மைதானத்தில் முதல் படி மூழ்கியது. மத்தியானத்துக்குள் மூன்றாவது படியும் மூழ்கியது. நாற்பத்திரண்டு வீட்டில் ஒரு வீட்டு வாசற்படியைக்கூடத் தண்ணீர் தாண்டவில்லை. தெருவே சந்து முனையில் கூடி நின்று, தண்ணீர் தங்கள் வீட்டைவிட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மழை விட்டது. அவளுக்கு ஊரின் அந்தக் கோடியில் ஒரு குளியலறை வேலை. வேலைப் பையோடு கணவன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பஸ் ஆமையாக ஊர்ந்தது. மைதானம் நிறையத் தண்ணீர் வெயிலில் மின்னியது.

"என்ன டிரைவர், வண்டி ரிப்பேரா?" என்று முன்சீட்டில் இருந்தவர் கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லைங்க. அந்தத் தண்ணியைப் பாருங்க. நேத்து எங்க தெருவுக்குள்ள வர வேண்டியது. அங்க போய் உக்காந்திருக்கு. எம் பொண்டாட்டி போட்ட திட்டம்!" என்றான் அவன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "அதோ, பையோட மூணாவது சீட்டுல இருக்காங்களே, அவங்கதான்."

அத்தனை தலையும் திரும்பியது. "என்னங்க இது, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று அவள் அதட்டினாள். குரலில் அதட்டல் சரியாக வரவில்லை. பின்சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, எங்க தெருவுலயும் ரெண்டு நாளா தண்ணி நிக்குது. என்ன பண்ணணும்னு சொல்றீங்களா?"

டைல்ஸ் அக்கா பையை மடியில் இருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"உங்க தெருவுல மொத்தம் எத்தனை வீடும்மா?" என்று கேட்டாள்.