மாக்கிறேற் ஊற்றிய இரண்டு கரண்டி

சமாதான காலம் தொடங்கி, யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த வருடம் அது. நாரந்தனை மாக்கிறேற்றின் மகள் அன்ரனிட்டா யாழ்ப்பாணத்தில் கம்பஸில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காய்ச்சாமலே தேங்காய்ப் பாலிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆராய்ச்சி. பப்பாசிக்காயில் வடிகிற பாலைக் கொஞ்சம் விட்டால் எண்ணெய் பிரியும். அதற்கு முன் காதுக்கு எட்டாத ஒலியை ஒரு மெஷினால் செலுத்தினால் இன்னும் கூடப் பிரியும் என்று அவள் நம்பினாள்.

"தேங்காயைப் பழம் எண்டு எழுதிறாய். கேக்காத சத்தம் எண்ணெய் எடுக்குமெண்டுறாய். உனக்கென்ன விசரே?" என்பாள் தாய்.

"இறைச்சிக்குப் பப்பாசிக்காய் போடேக்க உங்களுக்கு விசரில்லையோ?"

மெஷின் இரவல். திங்கட்கிழமை பேராசிரியருக்கு நல்ல முடிவு காட்டாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சனி ஞாயிறு ஆய்வுகூடம் பூட்டு என்பதால், வெள்ளி பின்னேரம் பப்பாசிப்பால் விட்ட தேங்காய்ப் பால் ஆறு போத்தல்களை மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்து குசினி அலுமாரியில் அடுக்கினாள். முதலாவதற்கு ஒலியே கொடுக்கவில்லை. மற்றவற்றுக்கு ஐந்து நிமிடத்திலிருந்து இருபத்தைந்து வரை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தவள் கதிரையில் இருந்துவிட்டாள். ஒலி கொடுக்காத போத்தலில்தான் எண்ணெய் கூடுதலாக இருந்தது.

"மெஷினாலை ஒரு பிரயோசனமும் இல்லை அம்மா. என்ர ஒரு வருசம் போச்சு."

மாக்கிறேற் அலுமாரியடிக்கு வந்தாள். "அழாதை பிள்ளை. அதிலை நான்தான் ரண்டு கரண்டி விட்டனான். மற்றது அஞ்சும் நிறைஞ்சிருக்க அது மட்டும் மெலிஞ்சு நிண்டுது. சேர் உன்னை ஏசுவாரெண்டு..."

அன்ரனிட்டா மூடியைத் திறந்து மணந்தாள். காய்ச்சின எண்ணெய் மணம்.

"அது குறையத்தான் வேணும்! குறைஞ்சாத்தானே மற்றது கூடினதெண்டு சொல்லலாம்!"

சிரிக்காதீர்கள், என் பிள்ளைகளே. ஆறு சாப்பாட்டுக் கோப்பைக்கும் சரிசமமாகச் சோறு போட்டுப் பழகிய கை அது.

திங்கள் காலை மாக்கிறேற்றும் பூசைக்குக் கட்டுகிற சீலையோடு பஸ் ஏறினாள். பேராசிரியருக்கு முன்னால் நின்று, "பிழை என்ர, சேர்" என்றாள்.

அவர் யோசித்தார். "ரண்டு கரண்டிதானே? கழிச்சுப் பாப்பமே."

"ஏலாது சேர்," என்றாள் அன்ரனிட்டா. "எங்கட வீட்டுக் கரண்டிக்கு அளவில்லை. ஆறையும் திருப்பிச் செய்யிறன்."

"மெஷின் இண்டைக்குப் போகவேணுமே."

அவள் ஆறு போத்தலையும் மேசையில் எடுத்து வைத்தாள். அவர் தொலைபேசியை எடுத்து, மெஷின் தந்தவர்களிடம் நெடுநேரம் ஆங்கிலத்தில் மன்றாடினார். வைத்துவிட்டு, "பத்து நாள் தந்திருக்கினம்" என்றார்.

"தேங்காய் நான் தரலாமோ, சேர்?" என்று கேட்டாள் மாக்கிறேற்.

"தேங்காய் தாங்கோ அம்மா. எண்ணெய் மட்டும் தராதேங்கோ."

அன்ரனிட்டா அதற்குள் போத்தல்களைக் கழுவத் தொடங்கியிருந்தாள்.