தரையைத் தொடாத தூண்

"ஓட்டையா? வீட்டுத் தரையிலயா?"

"சின்ன ஓட்டைதான் லீலா. ஒரு தூண் நுழையுற அளவுக்கு."

"பாம்பு ஏறி வந்தா?"

"வரட்டும். டிக்கெட்டு வாங்கிட்டு உக்காரச் சொல்றேன்."

என் மனைவி லீலாவதி சிரிக்கவில்லை. மடியிலிருந்த ரவிக்கைத் துணியை ஓங்கி உதறினாள். அந்த உதறலுக்கே பலகைத் தரை லேசாக அதிர்ந்தது. எங்கள் சண்டையும் அந்த அதிர்வைப் பற்றியதுதான்.

மலேசியாவின் கோல சிலாங்கூரில், ஆற்றுக்குப் பக்கத்தில், கட்டைக்கால்கள் மேல் நின்ற பழைய பலகை வீட்டை அந்த வருஷம்தான் வாங்கியிருந்தோம். அதன் பின்னறை இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது. அவளுடைய தையல் மிஷின் அடுப்படியில் கிடந்தது. போன மாதம் ஒரு கல்யாண ரவிக்கை மீன் குழம்பு வாசனையோடு போய்ச் சேர்ந்து, அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனார். எனக்கோ ரெக்கார்டு கேட்க ஓர் அறை வேண்டும்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து வீட்டு அபுபக்கர் பாய். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். "இனிமே கடைக்கு கேசட்டு போதும் தம்பி. ரெக்கார்டு மேல ரொட்டி மாவு விழுந்து பாடுறவரு வழுக்கி வழுக்கி விழுறாரு" என்று பிளேயரையும் ஸ்பீக்கர்களையும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் என்னிடம் தள்ளிவிட்டார். நான் ஒவ்வொரு தட்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, சோற்றுத் தட்டு அடுக்கும் கம்பிக்கூட்டில் காயவைத்தேன். அன்று நாங்கள் வாழை இலையில் சாப்பிட்டோம்.

சுவர் முழுக்க பாய் கடையின் முட்டை அட்டைகளை அடித்தேன். ஜன்னலுக்குச் சாக்குத் திரை. நடுவில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி. கதவைச் சாத்தி உட்கார்ந்தால், பனி பெய்யும் ஏதோ ஒரு துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குள் இருப்பதுபோல் இருக்கும். அந்த அறையில் இருமக்கூடக் கூடாது என்று சட்டமும் போட்டிருந்தேன்.

ஆனால் அடுப்படியில் லீலா நாலு எட்டு நடந்தால் போதும், ஊசி தாவிவிடும். பல்லவி பாடிக்கொண்டிருந்தவர் சரணத்தில் போய் விழுவார்.

கடைசியில் அவளே பந்தயம் வைத்தாள். "ரெக்கார்டு ஒரு பக்கம் முழுசா ஓடணும். நான் நடந்துக்கிட்டே இருப்பேன். ஊசி தாவலேன்னா ரூமு உங்களுக்கு. தாவிச்சுன்னா மிஷின் உள்ள வந்துரும்."

ஞாயிற்றுக்கிழமை தரையில் சதுரமாக அறுத்தேன். வீட்டுக்கடியில் குனிந்து போய், மண்ணைத் தோண்டி, கெட்டியான மரத்தூண் ஒன்றை நட்டேன். அது ஓட்டை வழியே அறைக்குள் எழும்பி நின்றது. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. பலகையை எங்குமே தொடவில்லை. பிளேயரை அதன் தலையில் வைக்கப் போனபோது லீலா ஒரு ரப்பர் ஷீட்டை நீட்டினாள். கலும்பாங் ரப்பர் தோட்டத்திலிருந்து அவள் அப்பா கால்மிதிக்கென்று அனுப்பியது.

"அடியில இதப் போடுங்க."

"எனக்கு எதுக்கு உதவி பண்ற?"

"சும்மா ஜெயிச்சா என்னா ருசி லா?"

புகைபோட்டுக் காயவைத்த வாசனை இன்னும் அடிக்கும் அந்த ஷீட்டின் மேல் பிளேயர் உட்கார்ந்தது. ஊசியை இறக்கினேன். அவள் நடந்தாள். ஊசி அசையவில்லை. குதித்தாள். அசையவில்லை. இரண்டாவது பாட்டில் கையை விரித்து ஆடவே ஆரம்பித்துவிட்டாள். முட்டை அட்டைகள் நடுங்கின. பாடுகிறவர் மட்டும் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சட்டம் தடுத்தது.

கடைசிப் பாட்டில் ஊசி தாவியது.

நான் நாற்காலியில் சரிந்தேன். மறுபடியும் தாவியது.

"நான் நடக்கவே இல்ல!" என்றாள் லீலா, ஒற்றைக் காலில் நின்றபடி.

மூன்றாம் முறையும் தாவியதும் இரண்டு பேரும் தரையில் படுத்து இடைவெளி வழியாகக் கீழே பார்த்தோம். ஒரு மஞ்சள் கண் எங்களை அண்ணாந்து பார்த்தது. பிறகு, கீழே கட்டியிருந்த அந்த ஆட்டுக்கிடா கொம்பை எங்கள் தூணில் நிதானமாகத் தேய்த்தது.

"யாரு தம்பி நட்டது? அருமையான தூணு!" அபுபக்கர் பாயின் குரல் கீழிருந்து வந்தது. "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்குன கிடா. நெழலா கட்ட எடம் தேடிக்கிட்டே இருந்தேன்."

"பாய்! அது பாட்டுத் தூண் பாய்!"

"பாட்டுக்கு எதுக்குத் தூணு?"

லீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உருண்டாள். பாய்க்கு விளக்கிச் சொல்லி, கிடாவைத் தென்னை மரத்துக்கு மாற்றியபின், "இது கணக்குல வராது, முதல்லேர்ந்து போடுங்க" என்று அவளே தீர்ப்புச் சொன்னாள்.

தட்டு மறுபடியும் சுழன்றது. அவள் ஒழுங்காக நடந்தாள், குதித்தாள். ஆனால் கடைசிப் பாட்டு தொடங்கியதும் நடக்க மறந்துபோனாள். மெல்லச் சுவரோரமாக உட்கார்ந்து முட்டை அட்டையில் தலை சாய்த்தாள். சாக்குத் திரை வழியே வந்த வெயில் அவள் மடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. பாட்டு முடிந்தது. ஊசி கடைசி வட்டத்தில் மெதுவாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லீலா கண்ணைத் திறந்தாள்.

"ஜெயிச்சிட்டீங்க. ரூமு உங்களுக்குத்தான்."

ஜன்னலுக்குக் கீழே காலியாக இருந்த மூலையைப் பார்த்தாள். அப்புறம் தூணை. அப்புறம் என்னை.

"என்னங்க... பாட்டு ஓடுறப்ப மட்டும், அந்த மூலையில மிஷினப் போட்டு நானும் தச்சுக்கிட்டு இருக்கட்டுமா?"