பாதி விலை ஷூ

கடை திறக்கும் முன்னே போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, இடிபட்டு மிதிபட்டு, மகளுக்குப் பாதி விலையில் பள்ளிக்கூட ஷூ வாங்கி வந்திருந்தாள் தையல்காரி. கட்டிலில் கிடந்த கணவனிடம் பெட்டியைத் திறந்து காட்டியபோது, எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

அவன் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டிருந்தவன். முதலில் விரல்கள் மரத்துப்போயின. இப்போது கால்களும் நிற்க மறுக்கின்றன. சட்டைப் பித்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டும். மலிவுப் பசையின் நெடி நரம்பைத் தின்றுவிட்டது, பழையபடி ஆவது சந்தேகம்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முப்பத்தைந்து வயதில் ஆம்பளை இப்படிக் கிடந்தால் பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் வயிறு எரியாதா?

"அம்மா, உள்ள என்னமோ உறுத்துது," என்றாள் ஷூவைப் போட்டுப் பார்த்த மகள்.

ஷூவின் உள்ளட்டையைத் தூக்கிப் பார்த்தாள் தையல்காரி. காய்ந்த பசையில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகையின் குறுக்கே வெட்டுத் தழும்பு. கணவனின் கையை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே தழும்பு.

"உங்க விரலுங்க இது! கையுறை போடலையா?"

"குடுத்தாத்தானே போட? விலையைக் குறைன்னு கடைக்காரங்க முதலாளி கழுத்துல கத்தி வெச்சாங்க. நல்ல பசை போச்சு, கையுறை போச்சு, நெடியை இழுக்குற ஃபேனும் போச்சு. கேட்டா, 'சனங்க விலையைத்தான்யா பாக்குது, உன் விரலையா பாக்குது'ங்கறார் முதலாளி. நீ பயப்படுவேன்னு சொல்லலை."

தையல்காரி ஷூவை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"தள்ளுபடி சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்மா," என்றான் விற்பனைக்காரன். வாசலில் வரிசை இன்னும் நீண்டிருந்தது.

"வழியை விடும்மா. மலிவா கெடைக்கிறதையும் கெடுக்காதே," என்றாள் வரிசையில் ஒருத்தி.

தையல்காரி அந்த விரல் பதிவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது மலிவு இல்லைங்க. நாம குடுக்காத மீதி விலையை, இதை ஒட்டின என் வீட்டுக்காரர் விரலாலயும் காலாலயும் குடுத்திருக்கார். ஏன் இவ்வளவு மலிவுன்னு நாம கேக்காம வாங்குற வரைக்கும் கடைக்காரங்களும் முதலாளிங்களும் இதை நிறுத்தவே மாட்டாங்க. காலையில இதே வரிசையில நானும் நின்னேன், கேக்கலை. நீங்களாவது கேளுங்க."