பாதியில் திரும்புகிறவர்

புற்றுநோய்க்காக இரைப்பையை வெட்டி எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து கோதண்டராமன் பௌர்ணமிதோறும் கிரிவலம் போனார். திரும்ப வந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டால் மட்டும், "மலை பாத்துக்கும்" என்பார்.

"மலைக்கு ஸ்கேன் எடுக்கத் தெரியுமா நைனா?" என்று மகள் எழிலரசி எரிந்து விழுவாள்.

மூன்று மாதமாக அவர் இளைத்துக்கொண்டே வந்தார். இந்தப் பௌர்ணமி காலையில் அவருக்குத் தெரியாமல் அவளும் பின்னால் நடந்தாள். பாதி வழியில் அடி அண்ணாமலை ஊர் வந்ததும் அவர் நின்றார். ஜனமெல்லாம் முன்னே போக, அவர் மட்டும் வந்த வழியே திரும்பினார். எழிலரசி குறுக்கே போய் நின்றாள்.

"இன்னா நைனா இது? யாராவது பாதியில திரும்புவாங்களா?"

"மெதுவா பேசு எழிலு. முழுசா சுத்தினா கெளம்பின எடத்துக்கே வந்துடுவோம். கூட வர்றதும் வந்துடும். அதான் ஒவ்வொரு தடவையும் இங்கயே உட்டுட்டுப் போறேன்."

"எது கூட வருது?"

அவர் கை நீட்டினார். நெரிசலுக்கு நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம் காலியாகக் கிடந்தது. ஜனம் ஏனோ அதை ஒதுங்கிப் போனது.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. கோபம் அதைவிட ஜாஸ்தி. "ரோட்டுல எதுவும் இல்ல. உள்ள இருக்குதான்னு பாக்கணும். வா."

குறுக்குத் தெருவுக்கு இழுத்துப் போய் ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டதும் அவர் ஓரமாக ஒடுங்கிக்கொண்டார்.

"எடந்தான் இருக்கே, நல்லா உக்காரு."

"இல்லம்மா," என்றார். "அதுவும் ஏறிடுச்சு."