யோசித்துத் திரும்பும் வண்டி

"இன்னொரு தடவை ஆட்டுங்க மாஸ்டர், மெதுவா," என்றார் ஒர்க்‌ஷாப் பள்ளத்துக்குள் நின்றிருந்த மெக்கானிக். மாஸ்டர் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைத்தார். வண்டிக்கு அடியில் டொக், டொக் என்று கேட்டது. முன்பக்க டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறதே என்று காட்டத்தான் அவர் வந்திருந்தார். டயரை மாற்றிப் போட்டுக் கையைத் தட்டி அனுப்பிவிடுவார் என்று நினைத்திருந்தால், மெக்கானிக் பள்ளத்திலிருந்து ஏறி வந்து, நீங்களே போய்ப் பாருங்கள் என்று அவரைக் கீழே இறக்கிவிட்டு, தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் என்றால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். வண்டியை மேலிருந்து பார்த்தே பழகியவருக்கு அடியிலிருந்து பார்ப்பது புது அனுபவம்தான். சக்கரங்களைத் திருப்புகிற நீண்ட இரும்புக் குழாய், ராக் என்பார்களே, அது வண்டியின் குறுக்கே கிடந்தது. குழாய் அசையாமல் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் தண்டு மட்டும் நகர வேண்டும். இங்கே மெக்கானிக் மேலே ஸ்டியரிங்கைத் தொட்டதும் குழாயே மொத்தமாக விரல் பருமனுக்கு நகர்ந்து, முட்டி நின்று, அதற்கப்புறம்தான் சக்கரம் அசைந்தது. குழாயைப் பிடித்திருக்க வேண்டிய ரப்பர் புஷ் இரண்டும் எண்ணெய் குடித்து ஊறி வெடித்துக் கிடந்தன.

"புஷ் போயே போச்சு. வளைச்சா வண்டி உடனே கேக்காது, கொஞ்சம் கழிச்சுத்தான் வரும். யாரும் சொல்லலையா?" என்றார் மெக்கானிக்.

"யாரும் சொல்லலப்பா."

அந்தப் பதில் அவர் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. ஏன் சொல்லவில்லை? சொன்னாளே. அதே வார்த்தையில் சொன்னாளே.

அவர் மனைவி சில வருஷங்களுக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். பயிற்சிப் பள்ளி வண்டியில் ஓட்டிக் காட்டி, முதல் தடவையிலேயே தேறியவள். அவளுடைய அம்மா வேறொரு ஊரில் தனியாக இருந்தார். பஸ் ஏறி இறங்கிப் போய்வந்தால் ஒரு நாள் போய்விடும், காரில் நெடுஞ்சாலை வழியே ஒரு மணி நேரம். நினைத்தபோது போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாமே என்றுதான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டதே. ஆனால் வீட்டு வண்டியில் உட்கார்ந்ததும் அவளுக்கு எல்லாம் தாறுமாறாகப் போயிற்று. நேரான சாலையில் வண்டி இப்படியும் அப்படியும் அலைந்தது. "வளைச்சா உடனே வரமாட்டேங்குதுங்க. கொஞ்சம் யோசிச்சிட்டு வருது," என்றாள் ஒரு நாள். "கார் யோசிக்கல, நீதான் யோசிக்கிற," என்றார் இவர். எவ்வளவு பெரிய அறிவாளி! ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், வண்டியில் குறை இருந்தால் தனக்குத் தெரியாதா என்ன? பயிற்சிப் பள்ளி வண்டியில் ஒழுங்காக ஓட்டியவள் இதில் மட்டும் ஏன் தடுமாறுகிறாள் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டெஸ்டுக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தவள் என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் ஒரு காலையில், தெருவில் நின்றிருந்த ஸ்கூட்டருக்கு ஒதுங்கப் போனவள் எதிர்வீட்டு வாசல் தூணில் கொண்டுபோய் வண்டியை உரசினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெயின்ட் போனது, அவ்வளவுதான். ஆனால் தெருவே கூடிவிட்டது. கூடிய கூட்டத்துக்கு நடுவே இவர், "கையில இருக்கறது ஸ்டியரிங்கா, சல்லடையா? ரோட்டுல உக்காந்து மாவு சலிக்கிறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சாவியைத் தொடவேயில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் பயத்தில் தோளைத் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பார்கள் அல்லவா, அவர்களைத் தளர்த்துவதற்கு மாஸ்டர் இந்த மாவுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டம்மா மாவு சலித்த கதை என்றால் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். போகப்போக அதற்குக் கை கால் முளைத்து, தூண் சுவராகி, சுவர் இடிந்தும் விழுந்தது. நேற்று மாலைகூட, கற்றுக்கொள்ள வந்த ஒரு பல் டாக்டரிடம் சொன்னார்.

மெக்கானிக் துருவேறிய போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பழைய புஷ்ஷைக் கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. புதியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் குழாயில் நுழைத்து, கிளாம்பை மேலே வைத்து முறுக்கினார். மாஸ்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தினமும் ஓட்டுகிற வண்டி, எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று ஒரு தரம் கேட்டார். தன் பக்கம் ஏதாவது நியாயம் கிடைக்காதா என்ற நப்பாசைதான்.

"தினம் ஓட்டறதாலதான் தெரியல. ரப்பர் தேயத் தேய உங்க கையும் அதுக்குத் தக்கபடி பழகிடுச்சு. புதுசா உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும்," என்றார் மெக்கானிக், போல்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு இருவரும் வண்டியை வெளியே எடுத்தார்கள். நூறடி போவதற்குள் வண்டி இடது ஓரத்துக்குப் போனது. மாஸ்டர் வலப்பக்கம் இழுத்தார், நடுக்கோட்டைத் தாண்டியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். வண்டியில் ஒரு குறையும் இல்லை. நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்துப் பழகிய கை அது. இப்போது வண்டி சொன்னதைச் சொன்னபடி கேட்கிறது, கைக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு வேர்த்துவிட்டது. "என்ன மாஸ்டர், எல் போர்டு மாட்டிடவா?" என்று மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். சிரிக்கும்போதுதான், அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு என்ன சிரிப்பு என்று அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழி நெடுக அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தார். புஷ்ஷைப் பற்றிப் பேசவே வேண்டாம், வண்டி இப்போது நன்றாக இருக்கிறது, ஓட்டிப் பார் என்று மட்டும் சொல்வோம், அவள் ஓட்டிவிட்டால் எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். கோழைத்தனமான கணக்கு என்று அவருக்கே தெரியும். அப்படியே சொல்லவும் செய்தார்.

"எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் கை வராதே," என்றாள் அவள், தலையணை உறையை உதறியபடி.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். தன் உயரத்தையோ, கண்ணாடியின் பவரையோ சொல்வது போலச் சொன்னாள். இத்தனை வருஷமாக அதை உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் பொதிந்த பழைய புஷ்ஷை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது என்ன, எங்கே இருந்தது, அது கெட்டுப்போனால் வண்டி என்ன செய்யும் என்று எல்லாவற்றையும் பாடம் எடுப்பது போல ஒரே மூச்சில் சொன்னார். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் பாடம் தீர்ந்துபோய்ச் சொல்ல வேண்டியது மட்டும் மிஞ்சியது.

"நீ அன்னிக்குச் சொன்னது சரிதான். தப்பு உன் கையில இல்ல. நான்தான் கேக்கல."

அவள் துணியை வைத்துவிட்டு அந்த ரப்பரை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஓரம் உதிர்ந்து கறுப்பாக மேஜையில் கொட்டியது.

"எவ்வளவு நாளா இப்படி இருந்திருக்கும்?"

"ரொம்ப வருஷமாங்கறார்."

"அப்போ அம்மா இருந்தப்பவே."

சாவியைத் தொடாமல் விட்டதிலிருந்து, அம்மாவைப் பார்க்கப் போக அவள் இவர் வந்து ஓட்டுவதற்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வா என்று அவள் கேட்பாள், வகுப்பு இருக்கிறது என்பார் இவர். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அதிகம். அப்படித் தள்ளித் தள்ளிப் போனதில், போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த பிறகுதான் அவர்கள் காரை எடுத்துக்கொண்டு விரைந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் காட்டவில்லை. மன்னிச்சுடு என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதையும் சொல்லிவிட்டால் அவள் பரவாயில்லை என்று சொல்லித் தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியது. அவள் எதிரில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துண்டில் விரல் விரலாகத் துடைத்தாள். வந்து கையை நீட்டினாள். ஒரு கணம் எதற்கென்று புரியாமல் விழித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்."

வாசலில் அவள் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிகளைத் திருப்பி வைத்தாள். நேரமெடுத்துத்தான் செய்தாள். மாஸ்டர் ஜன்னல் ஓரமாகக் குனிந்து, முனையில் வலது பக்கம் திரும்பினால் இரண்டு தெருவைச் சுற்றி வீட்டுக்கே வந்துவிடலாம், அந்தப் பக்கம் வண்டிகள் அவ்வளவாக வராது என்றார். கிளட்சை மெதுவாக விடு என்று சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அவள் தலையசைத்தாள். எதற்கு அசைத்தாள் என்று தெரியவில்லை.

வண்டி கிளம்பியது. முதலில் சின்னதாக ஒரு குலுக்கல். அப்புறம் எதிர்வீட்டுத் தூணைக் கடந்து, நிறுத்தியிருந்த வண்டிகளைக் கடந்து, தெருவின் நடுவில் கோடு போட்டது போலப் போனது. மாஸ்டர் தெருவில் இறங்கி நின்று பார்த்தார். முனை வந்ததும் பிரேக் விளக்கு எரிந்தது. வலது பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இடது பக்க விளக்கு மின்னத் தொடங்கியது, நெடுஞ்சாலைப் பக்கம்.