ஜெயலட்சுமியின் வயது நிறுத்திவைக்கப்பட்ட விவரம்

காலத்தைக் கட்டிப்போடும் வல்லமை மும்மூர்த்திகளுக்கும் கடுந்தவம் புரிந்த சில ரிஷிகளுக்கும் மட்டுமே வாய்த்தது என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவந்தது. 1991ஆம் ஆண்டு ஜூலை பதினெட்டாம் தேதி காலை பதினொன்றே காலுக்கு, அது பெங்களூரின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு என்று தெரியவந்தது. அதுவும் துணைவேந்தரின் அறையில் அல்ல, மாடிப்படிக்கு அடியில் ஒட்டடை தொங்கிய நாலாம் நம்பர் ஜன்னலில். அன்று அங்கே ஒட்டிய பட்டியலில், ஒக்கலிபுரம் ஏகாம்பரத்தின் மூத்த மகள் ஜெயலட்சுமியின் பி.எஸ்ஸி. பதிவெண்ணுக்கு எதிரே ‘முடிவு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து அவளுக்கு வயது ஏறவில்லை.

முதலில் இதை யாரும் கவனிக்கவில்லை. இருபது வயதுப் பெண் ஆறு மாதம் கழித்தும் இருபதாகவே இருந்தால் யார் கண்டுபிடிப்பது? பரீட்சைப் பயத்தில் அவள் மோவாயில் வந்த ஒரு பரு மட்டும் போகாமல் நின்றது. அம்மா எல்லம்மா சந்தனம் இழைத்துப் பூசினாள், வேப்பிலை அரைத்துப் பூசினாள். பரு உடையவும் இல்லை, காயவும் இல்லை. நகம் வளராததால் அவள் பிளேடு கேட்பதை நிறுத்தியிருந்தாள். அதை வீட்டார் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிறுத்திவைத்ததற்குக் காரணம் செப்டம்பரில் தபாலில் வந்தது. கெமிஸ்ட்ரி மூன்றாம் தாளின் முதல் பக்கத்தில், தலைப்பில், ஒரு ‘ரகசியக் குறி’ காணப்படுவதாகவும், திருத்துபவருக்குத் தன்னை அடையாளம் காட்ட மாணவி செய்த சூழ்ச்சியாக அது இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. படித்ததும் அது பிள்ளையார் சுழியாகத்தான் இருக்கும் என்று ஏகாம்பரத்துக்குப் பட்டது. அவர் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா. பிள்ளையார் சுழி போடாமல் வாழ்நாளில் ஒரு காகிதத்தையும் தொடங்கியதில்லை. லெட்ஜர், லீவ் லெட்டர், மளிகைச் சீட்டு எல்லாவற்றின் உச்சியிலும் அந்தச் சுழி இருக்கும். ஒருமுறை மேலதிகாரியைப் பற்றி அனுப்பிய மொட்டைக் கடுதாசியிலும் போட்டு, அதனாலேயே பிடிபட்டார். நாலு வயதில் ஜெயலட்சுமியின் விரலைப் பிடித்து அரிசியில் முதன்முதலாக அவர் போடவைத்தது எழுத்து அல்ல, சுழிதான்.

விசாரணை டிசம்பரில் என்றார்கள். டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. அந்த நாட்களில் ஏகாம்பரத்தின் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள்ளும் கன்னடத்திலேயே கிசுகிசுத்தது. எல்லம்மாவுக்குக் கன்னடத்தில் திட்ட வராது என்பதால் வீடு அமைதியாக இருந்தது. ஜனவரியில் விசாரணை நடந்தபோது மூன்று பேராசிரியர்கள் நீண்ட மேஜைக்குப் பின்னால் அமர்ந்து, விடைத்தாளின் ஜெராக்ஸ் நகலை மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் அது தமிழ் எழுத்து என்றார். ஒருவர் பாம்பு என்றார். மூன்றாமவர், எதுவாக இருந்தாலும் பல்கலைக்கழகத்தின் மாண்பு என்று ஒன்று இருக்கிறது என்றார். அந்த மாண்பின் மேல் பல்லி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மாண்பு ஸ்தாபகரின் படமாக மாட்டப்பட்டிருந்தது.

தேர்வுப் பிரிவின் சூப்பிரண்டு அனந்தபத்மநாபன் நல்ல மனுஷர். ஏகாம்பரத்தை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தோளில் கைவைத்தார்.

“ஏன் ஸ்வாமி இழுத்துக்கிட்டு? ஊர் இருக்கற நெலமை உங்களுக்கே தெரியும். பழக்கதோஷத்துல பொண்ணு போட்டுருச்சுன்னு ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துடுங்க. ஒரு வாரத்துல ரிசல்ட். அஷ்டே, அவ்வளவுதான்.”

ஜெயலட்சுமி தூணோரம் நின்றிருந்தாள். “நான் போடலப்பா,” என்றாள்.

“போடாம இருப்பியாடி? என் பொண்ணு நீ. கை தானா போட்டிருக்கும்.”

“ஹால்ல எதுவும் போடக்கூடாதுன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. மனசுக்குள்ளதான் போட்டுக்கிட்டேன். சத்தியமா போடலப்பா.”

“சரி, சரி. பெரியவங்க சொல்றாங்க, தப்புன்னு ஒத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு,” என்று சொல்லி, வராந்தா ஜன்னல் கட்டையிலேயே காகிதத்தை வைத்து ஏகாம்பரம் எழுதினார். என் மகள் செய்தது பிழைதான், தாங்கள் பெரிய மனதுடன் பொறுத்தருள வேண்டும் என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வாரம் பதினாறு வருடமாயிற்று.

வருடங்கள் வந்தன. துவரம் பருப்பு விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, ஜெயலட்சுமிக்கு வயது ஏறவில்லை. ’93இல் வேலூரிலிருந்து ஒருவன் பெண் பார்க்க வந்தான். ரிசல்ட் வரட்டும் என்றார்கள். ’98இல் அவன் தம்பி வந்தான், அவனையும் ரிசல்ட் வரட்டும் என்றே அனுப்பினார்கள். இடையில், ’95இல், நான்கு வயது இளையவளான ரமா வயதில் அக்காவை எட்டினாள். ஒரு வருடம் இருவரும் இரட்டையர் மாதிரி இருந்து ஒரே ரவிக்கையைப் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ரமா முந்திப்போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஸ்னேஹாவைப் பெற்றாள். வீட்டில் எந்த விசேஷத்துக்கும் தோழிப்பெண்ணாக நிற்க ஜெயலட்சுமி தயாராக இருந்தாள். மளிகைக்கடைக்காரர் மகள், தன் காலேஜ் சிநேகிதி என்று நினைத்து அவளை வாடி போடி என்றாள். தெருவில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. யூனிவர்சிட்டி சமாச்சாரம், லேட்டாகத்தான் ஆகும் என்றார்கள்.

ஏகாம்பரம்தான் உள்ளுக்குள் அரித்துப்போனார். பார்சல் ஆபீசில், யாரும் பெற்றுக்கொள்ளாத பொட்டிகளுக்கென்று ஒரு கொட்டகை உண்டு. வருடக்கணக்கில் தூசி ஏறியும் உள்ளே இருப்பது என்னவோ அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்து மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தக் கொட்டகை நினைவுக்கு வந்தது. ஊரில் தகப்பன்மார் எல்லோரும் பெண் நன்றாக வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்ள, அவர் மட்டும் பெண்ணுக்கு ஒரு நரைமுடி வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். ’99இல் எல்லம்மா படுக்கையில் விழுந்தாள். கடைசி நாளில் மகளின் மோவாயைத் தடவி, “ரிசல்ட் வந்துச்சா?” என்றாள். “வந்துடும்மா,” என்றாள் ஜெயலட்சுமி. “கிள்ளாதே, தழும்பாயிடும்,” என்று சொல்லிவிட்டு எல்லம்மா கண்ணை மூடினாள்.

2002இல் மாநிலத்தில் தகவல் கேட்கும் உரிமைக்கு ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பார்சல் ஆபீசில் கூட வேலை பார்த்து ரிட்டையரான ஜீவனஹள்ளி ஓஸ்வால்ட் அந்தச் செய்தித்தாளைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, தன் பழைய டைப்ரைட்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பத்து வருடமாக ‘தாழ்மையுடன்’ என்று தொடங்கி எழுதியே பழகிய ஏகாம்பரத்திடம் சொன்னார்: “கெஞ்சறத விடு மேன். இனிமே மனு இல்ல, கேள்வி. என் பொண்ணு மேல என்ன சாட்சி வச்சிருக்கே, காட்டு. அவ்ளோதான். அது என்ன பேப்பர் உச்சியில, திரும்ப அந்த வட்டம்? உன்னைத் திருத்தவே முடியாது மேன்.”

முதல் மனுவுக்கு, கேட்டிருப்பது தகவல் அல்ல, அபிப்பிராயம் என்று பதில் வந்தது. அடுத்ததற்கு, கோப்பு இன்னொரு பிரிவில் இருப்பதாக வந்தது. அந்தப் பிரிவு அப்படி ஒரு பிரிவே இல்லை என்றது. ஆறாவது மனுவுக்கு, மாணவியே நேரில் வரவேண்டும் என்றார்கள். போனாள். தகவல் அதிகாரி 1971 என்று போட்ட பிறப்புச் சான்றிதழையும் அவளையும் நாலுமுறை பார்த்துவிட்டு, “ஏம்மா, உங்க அம்மா வரலையா?” என்று கேட்டார். புதிய மத்தியச் சட்டம் வந்து, முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று ஆனபிறகு நிலைமை பெரிதும் முன்னேறியது. கோப்பைக் காணவில்லை என்ற பதில் முப்பதாவது நாளே வந்தது. முப்பத்தேழாவது மனு மேல்முறையீட்டுக்குப் போய், தகவல் ஆணையம், இருக்கிற கோப்பை இருக்கிறபடி காட்டு என்று உத்தரவிட்டது. மறுநாள் கோப்பு கிடைத்தது. எப்போதும் இருந்த அதே அலமாரியில்தான் இருந்தது.

2007 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏகாம்பரமும் மகளும் போனார்கள். எழுபது வயதுக் கிழவரை ஓர் இளம்பெண் கைப்பிடித்துப் படியேற்றுவதைப் பார்த்து வாட்ச்மேன் மெச்சிக்கொண்டார். அனந்தபத்மநாபன் பதவி உயர்ந்து பதிவாளராகியிருந்தார், தலைக்கு மை அடித்திருந்தார். ஜெயலட்சுமியைப் பார்த்து, உடம்பு போடாத ஒருத்தியிடம் சொல்வதுபோல, “அப்படியே இருக்கீங்களேம்மா,” என்றார். பிறகு சிவப்பு நாடாவை அவரே அவிழ்த்தார்.

கோப்பில் மூன்றே காகிதக் கட்டுகள். மேலே விசாரணைக் குழுவின் தீர்மானம். அதன் உச்சியில் யாரோ பக்தியோடு ‘ஸ்ரீ’ போட்டிருந்தார்கள். அடியில் விடைத்தாள், அசல். பதினாறு வருடமாக எல்லோரும் ஜெராக்ஸில் கறுப்பாகப் பார்த்த சுழி, அசலில் சிவப்பாக இருந்தது. மாணவியின் எழுத்து முழுக்க நீலம். சுழிக்குப் பக்கத்தில், மை வராமல் வெறும் கீறலாக மூன்று கோடுகள். நாலாவது கீறலில் மை பிடித்து, சுழன்று, சுழியாகியிருந்தது. அதே சிவப்பில் கீழே முதல் கேள்விக்கு மதிப்பெண். விடைத்தாள் திருத்தியவர் தம் பால்பாயிண்ட் பேனா எழுதுகிறதா என்று பார்த்திருந்தார்.

“அப்ப இதுமேல எந்த ஆதாரத்துல முடிவு பண்ணாங்க சார்?” என்று ஜெயலட்சுமி கேட்டாள். அனந்தபத்மநாபன் மூன்றாவது காகிதத்தைத் திருப்பி வைத்தார். அது ஏகாம்பரத்தின் மன்னிப்புக் கடிதம். உச்சியில் பிள்ளையார் சுழி. அதைச் சுற்றிக் குழு பென்சிலால் வட்டமிட்டு, ‘விடைத்தாளில் உள்ள குறியோடு ஒத்துப்போகிறது, குடும்ப வழக்கம், தகப்பனாரின் ஒப்புதல் உள்ளது’ என்று எழுதியிருந்தது. அவளுக்கு எதிராக உலகத்தில் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

அவள் கடிதத்தை முழுதும் படித்தாள். மடித்து வைத்தாள். “போடலன்னு சொன்னேனேப்பா,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஏகாம்பரம் சொன்னார்:

“உன்ன நம்பாம இல்லம்மா. என் பழக்கத்த நம்பிட்டேன்.”

“தெரியும்பா. வாங்க, பஸ் வருது.”

செப்டம்பரில் முடிவு வெளியாயிற்று, முதல் வகுப்பு. அன்று மாலை அவள் நகம் வெட்ட பிளேடு கேட்டாள். ஒரு வாரத்தில் பரு காய்ந்து உதிர்ந்தது, தழும்பு இல்லை. வயது அன்றிலிருந்து மற்றவர்களுக்கு ஏறுவதுபோலவே, நாளொன்றுக்கு ஒரு நாள் வீதம் ஏறத் தொடங்கியது. பழைய பதினாறு வருடம் மொத்தமாக வரும் என்று எதிர்பார்த்து ரமா, அக்காவுக்குக் கண்ணாடியும் தலைக்கு மையும் வாங்கி வைத்திருந்தாள். அது வரவில்லை. ஏகாம்பரம் முப்பத்தெட்டாவது மனுவைத் தன் கையாலேயே எழுதினார்: நிறுத்திவைக்கப்பட்ட பதினாறு வருடங்கள் இப்போது எந்தப் பிரிவில் உள்ளன? சுழி போடவில்லை. தலைப்பு காலியாக இருந்தது. முப்பதாவது நாள், கோரிய தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படுவதில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை, மளிகைச் சீட்டுகூட வாயால்தான் சொன்னார்.

2009 நவம்பரில் ஏகாம்பரம் தூக்கத்தில் இறந்தார். ஜெயலட்சுமிக்கு அப்போது இருபத்திரண்டு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்கு ஓஸ்வால்ட், பெயர்களை வரிசையாக எழுதி, குடும்பத்தாரின் போட்டோக்களையும் சேர்த்து ஸ்ரீராம்புரம் அச்சகத்தில் கொடுத்திருந்தார். அச்சகத்தார் மூத்த மகளின் போட்டோவைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்தவர் வரிசையை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்து, அவளைப் பதினோரு வயது ஸ்னேஹாவுக்குப் பக்கத்தில் பேத்திகள் வரிசையில் போட்டுவிட்டார்கள். நேரம் இல்லாததால் அப்படியே ஒட்டினார்கள்.