மடிப்பில் வரைந்த வீடு

ஒரு வீடு வரையச் சொன்னால் நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்? கூரையிலிருந்தா, வாசலிலிருந்தா? வெள்ளத்தாய் தொடங்கிய விதத்தைப் பார்த்து ஒரு டாக்டரே கொஞ்ச நேரம் கலங்கிப்போனார்.

வெள்ளத்தாய்க்கு அறுபத்தொரு வயது. தளவாய்புரத்தில் சங்கரலிங்கத்தின் நைட்டி கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். போன வாரம் திருவிழா ஆர்டர் அவசரத்தில் துணியின் மடிப்புப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டார். ஒரே துண்டாக வரவேண்டிய முன்பக்கம் நாற்பது நைட்டிக்கும் இரண்டு துண்டாக வந்தது. அதற்கு முந்தின நாள்தான் முதலாளியை அவர் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். சங்கரலிங்கம் சத்தம் போடவில்லை. கட்டிங் மிஷின் விரலை எடுத்துவிடும், டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்தால்தான் தொடலாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் இருந்த நாலு நாளில் நன்றாகத் தூங்கினார். தூங்காத நேரத்தில் ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றி மறுபடி வெட்டினார். ஐந்தாம் நாள் அவர் பார்வை தன் வேட்டிமேல் விழுந்ததும், புருஷன் ஜெயபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஜெயபாண்டி பட்டாளத்தில் ரிட்டையர் ஆனவர். ராஜபாளையத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததுமே, டாக்டர் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பயிற்சியைத் தொடங்கினார்.

“இன்னைக்கு என்ன கிழமை, சொல்லு பாப்போம்.”

“வியாழன்.”

“புதன்டி. இதுக்கே இப்படியா?”

முன்சீட்டுக்காரர் திரும்பி, வியாழன்தான் என்றார்.

“டாக்டரம்மாகிட்ட ஒங்களுக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லுதேன்” என்றார் வெள்ளத்தாய். அதன்பிறகு ஜெயபாண்டி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தார். ஒரு வீட்டுப் படத்தைக் காட்டி, பார்த்து அப்படியே வரையச் சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு பிரஷர் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது தாள் இரண்டாக மடிந்து கிடந்தது. அதைப் பிரித்து ஃபைலில் வைத்து டாக்டரிடம் கொடுத்தார்.

டாக்டர் பிரிஸ்கில்லா பார்த்தார். வலது பக்கம் பாதிக் கூரை, பாதிக் கதவு, ஒரே ஒரு ஜன்னல். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. மூளையில் கோளாறு இருந்தால் சிலருக்கு ஒரு பக்கம் கவனத்தில் வராது, படத்தில் பாதியை விட்டுவிடுவார்கள் என்று ஜெயபாண்டியிடம் மெதுவாக விளக்கினார். ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவரை மிஷின் வேண்டாம் என்றார். பட்டாளத்து ஆள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளத்தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை ஏன் டாக்டரம்மா பிரிச்சீங்க? இன்னும் வெட்டவே இல்லியே.”

“எதை வெட்டணும்?”

“வீட்டைத்தான். ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான இருக்கு? மடிப்புல பாதி வரைஞ்சாப் போதும். முழுசா வரைஞ்சா ஒரு பக்கம் கோணிக்கிடும்.”

நர்ஸ் பேண்டேஜ் வெட்டும் கத்தரியைக் கொடுத்தார். வெள்ளத்தாய் தாளைப் பழையபடி மடித்து, கூரையை ஒரே ஓட்டத்தில் வெட்டினார். கதவிலும் ஜன்னலிலும் கத்தரியை நுழைத்துத் திருப்பினார். பிரித்தபோது நடுவில் கதவும் இருபுறமும் ஜன்னலுமாக முழு வீடு இருந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு தாள் கொடுத்தார். கடிகாரம் வரைந்து, பதினொன்று பத்து காட்ட வேண்டும். வெள்ளத்தாய் தாளை மடிக்கப் போனார். ஜெயபாண்டி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வெள்ளத்தாய் கொஞ்சம் யோசித்து, மடிக்காமல் முழு வட்டம் போட்டார்.

“இதை ஏன் மடிக்கல?” என்றார் டாக்டர்.

“ரெண்டு பக்கமும் வேற வேற நம்பரு. மடிச்சா எப்படி வரும்?”

முள் இரண்டும் சரியாக நின்றன. டாக்டர் நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து வார்த்தையையும் திருப்பிச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதில் நர்ஸை முந்தினார். ஸ்கேன் தேவையில்லை, திருவிழா ஆர்டருக்காகப் பத்து நாள் தூக்கம் கெட்டதுதான் காரணம், ஆறு மாதம் கழித்து ஒருமுறை வாருங்கள் என்று சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். காகித வீட்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஜெயபாண்டி கால் கிலோ பால்கோவா வாங்கி, பாதியைத் தானே தின்றார்.

“ஏட்டி, நம்ம வீட்டுத் திரையெல்லாம் இப்ப பாதி ஜன்னலுக்குத்தான் வருது.”

“காத்து வரட்டும்னுதான்.”

சங்கரலிங்கத்துக்கு போன் போட்டார்கள். அவரும் சிரித்தார். துண்டாக வந்த நாற்பது நைட்டிக்கும் முன்னால் ஜிப் வைத்தாராம், எல்லாம் விற்றுவிட்டதாம், இன்னும் அறுபது கேட்கிறார்களாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வெள்ளத்தாய் மடிப்பைத் திருப்பிப் போட்டு அறுபது நைட்டி வெட்டினார்.